ஸ்கோர் பார்க்காத புதன்கிழமை

கண்ணு,

இப்போது காலை ஒன்பது மணி பத்து நிமிடம். இந்த சீசனில் நம் டீமின் முதல் ஆட்டம் அமெரிக்காவில் முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஜெயித்தார்களா தோற்றார்களா என்பது இந்நேரம் ஊருக்கெல்லாம் தெரியும். கைப்பையில், டிபன் டப்பாவுக்கு அடியில், இன்டர்நெட்டை அணைத்துப் போட்டிருக்கிற என் போனைத் தொட்டால் அதுவும் சொல்லிவிடும். உனக்கும் எனக்கும்தான் தெரியாது. இன்று மாலை ஏழரை மணிக்கு நீ ஓசூரில் ஹாஸ்டல் அறையிலும் நான் ஊரப்பாக்கத்தில் நம் ஹாலிலும் உட்கார்ந்து, போனில் ஒன்று இரண்டு மூன்று எண்ணி, ஒரே நேரத்தில் ஆட்டத்தின் பதிவைத் தொடங்க வேண்டும். அதுவரை இரண்டு பேரும் ஸ்கோர் பார்க்கக் கூடாது. நீ வேலைக்குக் கிளம்பிய அன்று பஸ் படியில் நின்றுகொண்டு என்னிடம் வாங்கிய சத்தியம் இது. கை சும்மா இருந்தால் பைக்குள் போகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுதி முடித்ததும் இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். யாரிடமும் எதையும் சொல்லாதவளாயிற்றே நான் என்று நீ நினைப்பாய். ஒருத்தரிடம் சொல்ல முடியாததை நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது. உன் பெயரையும் என் பெயரையும் எழுதவில்லை, பயப்படாதே. நம் டீமின் பெயரையும் எழுதப் போவதில்லை. சீசன் தொடங்கும்போது எங்கேயாவது அந்தப் பெயரை எழுதினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஒரு வருடம் நீ கணக்கு நோட்டின் அட்டையில் எழுதினாய், தொடர்ந்து ஒன்பது ஆட்டம் போயிற்று. இன்னொரு வருடம் நான் காலண்டரில் குறித்து வைத்தேன், டீமிலேயே உயரமானவன், நம் நெட்டையனுக்கு முழங்கால் போயிற்று.

அந்த டீம் நமக்கு வந்த கதை நினைவிருக்கிறதா? உனக்குப் பதிமூன்று வயது. பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆட ஆரம்பித்து மூன்று மாதம். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு தெருவில், ஏற்றுமதிக்குப் போய் மிஞ்சிய துணிகளைக் குவித்து விற்கிற கடையில், கையில்லாத பச்சைச் சட்டை ஒன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாய். முழங்கால் வரை வந்தது. முதுகில் ஓர் எண்ணும் ஒரு வெள்ளைக்காரப் பெயரும். அந்த மனிதர் ஆடும் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமென்று அன்று மாலையே தேடினாய். கொஞ்ச நேரத்தில் முகம் தொங்க வந்து நின்றாய். "ம்மா, இந்த ஆளு இந்த டீம உட்டுப் போயே ஆறு வருஷம் ஆச்சாம்." சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "வேணாம்மா. ஆளு போனா இன்னா, டீமு இருக்குல்ல" என்றாய். இருந்தது, பட்டியலில் கடைசி இடத்தில். உன் அப்பா, நாவலூரில் கம்பெனி ஆட்களை இறக்கிவிட்டு வந்து லுங்கி மாற்றிக்கொண்டே அந்தப் பட்டியலை எட்டிப் பார்த்தார். "ஜெயிக்கிற டீமே கெடைக்கலியா? தோக்கறதுக்குன்னே ஒண்ண தத்தெடுத்து வச்சிகீறீங்களே, அம்மாவும் புள்ளயும்!"

ஏழு வருடம். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது. ஆனால் இந்த வருடம் அப்படியில்லை, கண்ணு. சும்மா சொல்லவில்லை. நெட்டையனின் முழங்கால் சரியாகிவிட்டது. பயிற்சி ஆட்டங்களில் அவன் கூடைக்கு அடியில் நின்று பந்தைப் பறித்த விதத்தை நீயும் பார்த்தாய். குதித்து இறங்கும்போது இரண்டு காலையும் சமமாக ஊன்றுகிறான், போன வருடம் போல் ஒரு காலைக் காப்பாற்றிக்கொண்டு இறங்கவில்லை. புதுப் பயிற்சியாளர் யாரையும் நிற்க விடுவதில்லை. பந்து கையில் இல்லாதவனும் ஓடிக்கொண்டே இருக்கிறான். கல்லூரியிலிருந்து வந்திருக்கிற சின்னவனுக்கு உன் வயதுதான், மூன்று புள்ளிக் கோட்டுக்குப் பின்னால் பந்து வந்ததும் யோசிக்காமல் எறிகிறான். யோசிக்காததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஆட்கள் தோற்றதெல்லாம் கடைசி ஐந்து நிமிடத்தில் யோசித்து யோசித்துத்தானே! பத்துப் புள்ளி முன்னால் இருப்பார்கள். எதிராளி நெருங்கி வந்ததும் பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், எறிகிற பொறுப்பு யாருக்கும் வேண்டாம். கோப்பையெல்லாம் எனக்கு வேண்டாம். முதல் எட்டு இடத்துக்குள் வந்து, ஏப்ரல் மாதத்துக்குப் பிறகும் ஆட்டம் இருந்தால் போதும். அதுகூட இல்லையென்றால், அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் பயப்படாமல் இருந்தால் போதும்.

மணி பத்தே கால். எழுந்து போய் நீர் மாதிரி எடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் மழைக்குக் கடல் கலங்கியிருக்கிறது. நெம்மேலிக் கரையில் அலை சேற்று நிறத்தில் வருகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் எங்கள் ஆலைக்குள் வரும் நீரையும் வெளியே போகும் நீரையும் புட்டியில் பிடித்து, எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும். மீட்டரை நீரில் வைத்ததும் எண் நிற்காது. ஏறும், இறங்கும், நின்றுவிட்டது போல் காட்டி மறுபடி அசையும். அது நிலைக்கும் வரை பேனாவைக் கையில் எடுக்கக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லித் தருகிறேன். இங்கே என்னைப் போல் பொறுமைசாலி யாரும் இல்லை என்கிறார்கள். கேட்டால் நீ சிரிப்பாய்.

காலையில் வேனில் ஒரு கூத்து நடந்தது. கேளம்பாக்கத்தில் முரளி ஏறினான். பம்புகளைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர். என்னைத் தவிர அந்த வேனில் கூடைப்பந்து பார்க்கிற ஒரே ஆள். ஏறினதும் ஏறாததுமாக, "யக்கா, உங்க டீமு இன்னிக்கி…" என்று ஆரம்பித்தான். "முரளி, வாயத் தொறந்த, ஓடற வண்டியில இருந்து குதிச்சிடுவேன்" என்றேன். வேன் முழுவதும் திரும்பிப் பார்த்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "அண்ணாத்த, அக்காவ இன்னா பண்ண நீ?" என்று கேட்டார். முரளி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பின்சீட்டுக்குப் போய்விட்டான். அங்கிருந்து கோவளம் தாண்டும் வரை நான் யோசித்துக்கொண்டு வந்தது ஒன்றேதான்: கையை வாய்க்குக் கொண்டுபோகும் முன் அவன் சிரித்தானா? சிரித்திருந்தால் ஜெயித்தோம் என்றா, தோற்றோம் என்றா?

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

ஏழு வருடமாக நான் ஸ்கோர் பார்த்திருக்கிறேன். நாம் வைத்த விதி என்ன? விடிகாலை ஆட்டத்தை யாரும் நேரலையில் பார்க்க முடியாது, உனக்குப் பள்ளிக்கூடம், எனக்கு வேன். அதனால் நாள் முழுக்க எதையும் தெரிந்துகொள்ளாமல் இருந்து, மாலையில் இரண்டு பேரும் முதல் முறையாகப் பார்க்க வேண்டும். நீ உன் சிநேகிதர்களிடம் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறாய். நான் ஒவ்வொரு ஆட்ட நாளும் ஒன்பதரை மணிக்கு இங்கே கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு பார்த்துவிடுவேன். மாலையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த முடிவுக்கு "ஐயோ" என்பேன், தெரிந்த கூடைக்குக் கை தட்டுவேன். நடிப்பென்று நினைக்காதே, உன் முகத்தைப் பார்க்கும்போது எனக்கும் மறந்துபோகும். ஆனால் தெரியும்.

சமோசா அப்படித்தான் வந்தது. ஜெயித்த நாளில் எனக்குக் கால் தரையில் பாவாது. வேனை விட்டு இறங்கியதும் ஜி.எஸ்.டி. ரோட்டு டீக்கடையில் வெங்காய சமோசா வாங்கிவிடுவேன். தோற்ற நாளில் நேரே வீட்டுக்கு வந்து உப்புமா கிண்டுவேன். ஒரு வருடத்துக்குள் நீ கண்டுபிடித்துவிட்டாய், ஆனால் தலைகீழாக. "ம்மா! நீ சமோசா வாங்கற அன்னிக்கெல்லாம் நம்ம டீமு ஜெயிக்குதும்மா!" உன் கண் அப்படி விரிந்திருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்தேன். அதிலிருந்து ஆட்ட நாளில், நான் வேனிலிருந்து இறங்கும் நேரத்துக்குச் சரியாகப் போன் வரும்: "ம்மா, சமோசா." தோற்றது தெரிந்த நாட்களில் கடை மூடியிருக்கிறது என்பேன், எண்ணெய் நாற்றம் என்பேன், எனக்கு வயிறு சரியில்லை என்பேன். அந்தக் கடைக்காரர் வருடத்தில் பாதி நாள் கடையை மூடிவைத்தவராக நம் வீட்டில் பெயர் வாங்கியிருக்கிறார், பாவம். நான் வாங்காததால்தான் தோற்றோம் என்று நீ என்மேல் கோபித்துக்கொண்ட நாட்களும் உண்டு. அந்தக் கோபத்தைப் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

போன ஏப்ரலில் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் எட்டு இடத்துக்குள். ஒரு புள்ளியில் தோற்றதைக் காலையிலேயே பார்த்துவிட்டேன். மாலையில் உன் போன்: "ம்மா, இன்னிக்கு மட்டும் கடை மூடிட்டான்னு சொல்லாத. இல்லன்னா கூடுவாஞ்சேரி போயாவது வாங்கினு வா." இருபது வயதுப் பிள்ளை அப்படிக் கேட்டால் என்ன செய்வது? வாங்கினேன். தட்டில் வைத்துவிட்டு, நாற்பத்தெட்டு நிமிட ஆட்டத்தையும் உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கடைசிப் பந்து வளையத்தில் சுற்றி வெளியே விழுந்தபோது நீ திரையைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தாய். "சமோசாவும் கை உட்டுடுச்சும்மா" என்றாய். அப்பா சிரித்தார். நான் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அது உனக்குத் தெரியும். ஆனால் நாம் அதைப் பற்றி ஒரு முறைகூடப் பேசியதில்லை.

பதினோராம் வகுப்பில் மாவட்ட அணித் தேர்வுக்குச் செங்கல்பட்டுக்குப் போனாய். ஞாயிற்றுக்கிழமை பட்டியல் ஒட்டுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமையே நான் பயிற்சியாளருக்குப் போன் போட்டேன். அவர் சொல்ல மாட்டேன் என்றார், நான் விடவில்லை. கடைசியில், "பையன் நல்லாத்தான் ஆடறான்மா. பன்னெண்டு பேருக்குத்தான் எடம், அவன் பதிமூணாவது. ஒட்டற வரைக்கும் அவன்கிட்ட சொல்லாதீங்க" என்று வைத்துவிட்டார். மூன்று நாள் நீ விடியற்காலையில் எழுந்து ஓடப் போனாய், நான் கதவைத் திறந்துவிட்டேன். மூன்று நாளும் படிப்புதான் முக்கியம், விளையாட்டு கொஞ்ச நாளைக்குத்தான் என்று சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பட்டியல் பார்க்கப் போக விடாமல் மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனேன். கடற்கரையில் வறுத்த மீன் வாங்கி, முள் எடுத்து உன் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். உன் சிநேகிதன் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். "மச்சான், ரெண்டு வாட்டி பாத்துட்டேன்டா. உன் பேரு இல்லடா."

நீ போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். நான் ஆச்சரியப்பட மறந்துவிட்டேன். "உனுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாய். நான் முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தேன். "நான் தோக்கறதுக்கு முன்னாடியே நீ தோத்துட்டியேம்மா" என்று சொல்லிவிட்டு அலைப் பக்கம் நடந்து போனாய். அடுத்த நான்கு வருடம் பந்தைத் தொடவில்லை. பட்டியலில் பெயர் வராததால் விட்டாய் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அது மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். பெயர் இல்லை என்பதை நீயே போர்டின் முன்னால் நின்று பார்த்திருந்தால், திட்டிவிட்டு, அழுதுவிட்டு, மறுநாள் கோர்ட்டுக்குப் போயிருப்பாய்.

இதைச் செய்தவள் யார் என்று நினைக்கும்போதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. எனக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம். பிளஸ் டூ முடிவு வியாழக்கிழமை வந்தது, கல்யாணம் அந்த ஞாயிறு. என் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய் போர்டில் பார்த்துவிட்டு வந்து, "பாஸும்மா" என்று மட்டும் சொன்னார். மார்க் எவ்வளவு என்று கேட்டேன். "கும்பலு, சரியா தெரியல" என்றார். ஒரு மாதம் கழித்து மார்க் பட்டியல் வாங்கப் போனபோதுதான் பள்ளியிலேயே வேதியியலில் நான் முதல் என்று தெரிந்தது. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "அப்பவே சொல்லியிருந்தா காலேஜு கீலேஜுன்னு பேஜார் பண்ணியிருப்ப" என்றார். நல்லவர்தான். என்மேல் பாசம் இல்லாமலில்லை. நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் நானும் பை மாட்டிக்கொண்டு செங்கல்பட்டுக் கல்லூரிக்குப் போனேன், இந்த வேலைக்கு வந்தேன், எல்லாம் சரி. ஆனால் அந்த மூன்று நாள் என் வாழ்க்கையின் எண் வேறொருவர் சட்டைப்பையில் இருந்தது. அந்த வியாழக்கிழமையையும் ஞாயிற்றுக்கிழமையையும் அப்படியே எடுத்து உன் தலையில் வைத்திருக்கிறேன் நான். பாசத்தில்தான். அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

மணி இரண்டரை. இப்போது ஒரு தப்பு செய்துவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

முந்தாநாள் நீ போனில் சொன்னாய். உன் கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், நான்கு வருடத்துக்குப் பிறகு பந்தைத் தொட்டாய், தேர்வில் ஆடினாய், வெள்ளிக்கிழமை பட்டியல். "லிஸ்ட்டுல வந்தாலும் நானே சொல்றேன். வர்லன்னாலும் நானே சொல்றேன். நீ யாருக்கும் போன் போடாத ம்மா. போட்டன்னு தெரிஞ்சா இனிமே எதையுமே சொல்ல மாட்டேன்." குரலில் கோபமில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவசரத்துக்கென்று நீ கொடுத்துவிட்டுப் போன சூப்பர்வைசர் எண் என் போனில் இருக்கிறது. டீமுக்கு ஆள் எடுப்பவரும் அவரே. சாப்பிட்டுவிட்டு வந்து போனை எடுத்தேன். ஸ்கோர் பார்க்க இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் எண்ணை அழுத்தினேன். ஒரு முறை மணி அடித்தது. வெட்டிவிட்டேன். வெட்டி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவரே கூப்பிட்டார்.

"யாருங்க, மிஸ்டு கால் குடுத்தீங்க?"

வாயில் எல்லாம் இருந்தது, கண்ணு. உன் பெயர், உன் ஊர், நான் யார். அவர் நல்ல மனிதர் போலிருந்தது, கேட்டால் சொல்லியிருப்பார்.

"ராங் நம்பருங்க" என்றேன்.

அந்த எண்ணை அழித்துவிட்டேன். அவசரம் என்றால் நீயே கூப்பிடுவாய். அந்த ஒரு முறை மணி அடித்ததற்கு நீ கோபித்துக்கொண்டால் நியாயம்தான். ஆனால் அதற்கு மேல் போகவில்லை. உனக்குப் புத்தி சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: நாளைக்கு உனக்கும் ஒரு வீடு, ஒரு பிள்ளை வரும். அவன் எண்ணை அவனுக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அடி விழும் முன்பே தலையணை வைத்துவிடலாம் என்று தோன்றும். அப்படி வைக்க முடியாது. அந்த அடி முதலில் உன் முகத்தில் விழும், அவன் அதைப் பார்த்துவிடுவான். அதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன், ஒன்றும் உதவவில்லை.

மாலை ஏழு மணி இருபது நிமிடம். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். திரும்பி வரும்போது முரளி கேளம்பாக்கத்தில் இறங்கும் வரை வாயில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டே வந்தான். நான் டீக்கடைப் பக்கம் திரும்பாமல் நேரே வந்துவிட்டேன். வாங்கினால் எதற்கு வாங்குகிறேன், வாங்காவிட்டால் எதற்கு வாங்கவில்லை என்று எனக்கே புரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்தால் மேசைமேல் எண்ணெய் ஊறிய பொட்டலம். உன் அப்பா சவாரியை முடித்துவிட்டு எனக்கு முன்னால் வந்திருக்கிறார்.

"ஸ்கோர் பாத்துட்டு வாங்கினீங்களா?" என்றேன்.

"அத்த எங்க பாக்கறதுன்னே எனுக்குத் தெரியாது. உன் புள்ளதான் மத்தியானம் போன் போட்டான். 'ப்பா, அம்மா மறந்துடும், நீ வாங்கி வச்சிடு'ன்னான். ஆறு வாங்கினேன். சூடா கீது, துன்னு."

ஓசூரில், ஷிப்டுக்கு நடுவில், நான் உன் சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்த அதே மத்தியானத்தில், நீ சமோசாவுக்குச் சொல்லியிருக்கிறாய். என் பொய்யை இன்னும் நம்பிக்கொண்டு. ஆட்டம் தொடங்கும் முன்பே உன்னிடம் சொல்லிவிடலாமா, முடிந்த பிறகா என்று யோசித்தேன். முன்பே சொல்கிறேன். முடிந்த பிறகென்றால், முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னதாகிவிடும்.

ஆட்டம் தொடங்கும்போது நீ எப்போதும் ஒன்று கேட்பாய்: "ஜெயிப்பமாம்மா?" ஏழு வருடம் அதற்கு "பாக்கலாம்" என்றிருக்கிறேன், காலையிலேயே பார்த்துவிட்டவள். இன்றைக்கு இந்த வீட்டில் இருக்கிற சமோசா யாரும் எதுவும் தெரியாமல் வாங்கியது. நெட்டையனின் கால் எப்படி இறங்கியதோ, சின்னவன் எறிந்தானோ இல்லையோ, வெள்ளிக்கிழமை உன் பெயர் போர்டில் இருக்கப் போகிறதோ இல்லையோ. நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது. உனக்கு ஒவ்வொரு ஆட்ட நாளும் இப்படித்தான் இருந்ததா?

போன் அடிக்கிறது. நீதான். எனக்கு ஒன்றுமே தெரியாது, கண்ணு. எடுக்கிறேன்.